மிஷின் காட்டும் சூடு வேறு, தட்டு தொட்ட சூடு வேறு: பாத்திரம் கழுவும் பகுதிக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு

ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவும் பகுதியை என் பொறுப்பில் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தணிக்கைக்கு வந்த மேடம் மிஷின் முகப்பில் எரிந்துகொண்டிருந்த 84 என்ற எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். பையிலிருந்து நகம் அளவு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, துடைத்த எவர்சில்வர் தட்டின் நடுவில் ஒட்டி, ரேக்கில் செருகி, மூடியை இறக்கச் சொன்னார். தட்டு 71 டிகிரியைத் தொட்டால் அந்த ஸ்டிக்கர் கறுத்துவிடும். கழுவி முடிந்து மூடியைத் தூக்கினால் வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது தட்டிலும் வெள்ளை, மூன்றாவதிலும் வெள்ளை.

ரேக் தள்ளும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஒரு வாரமாவே தட்டு காய மாட்டேங்குது, ஈரத்தோடதான் அடுக்கறோம்னு சொன்னேனே சார்." சொல்லியிருந்தார். எண் 84 காட்டுகிறதே என்று நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழற்றிப் பார்த்தபோது, கடைசி அலசல் தண்ணீரைத் தெளிக்கும் கைகளில் பாதிக்கு மேற்பட்ட துவாரங்களைச் சுண்ணாம்பு அடைத்திருந்தது. உள்ளே பாய்லரில் தண்ணீர் நிஜமாகவே 84 டிகிரியில்தான் இருந்தது. அது தட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு வாரம் அந்தத் தட்டுகளில் சாப்பிட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலை 44 ஓரத்து ஓட்டல்கள், ஓசூர் கேண்டீன்கள், தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி விடுதிகள், கல்யாண மண்டபங்கள் என்று மிஷின் வைத்திருக்கும் இடங்கள் நம் பக்கம் நிறைய. மிஷினைக் கொண்டுவந்து இறக்குகிறவர் பட்டனைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சூட்டைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த எண், எங்கிருந்து வருகிறது

நம் நாட்டில் ஓட்டலோ கேண்டீனோ நடத்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் பொருந்தும். அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் உரிமம், பதிவு ஒழுங்குமுறைகளில் அட்டவணை 4 என்று ஒன்று இருக்கிறது. சமையலறைச் சுத்தம், பாத்திரச் சுத்தம், தண்ணீர், ஆட்களின் உடல்நலம் எல்லாம் அதில்தான். மாவட்டத்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் (பலரும் இன்னும் ஃபுட் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம்) சோதனைக்கு வரும்போது கையில் வைத்திருக்கும் பட்டியல் இதை ஒட்டியது.

பெரிய நிறுவனங்களின் கேண்டீன் தணிக்கையில் கேட்கப்படும் டிகிரிக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) ஃபுட் கோட் என்ற விதித்தொகுப்பிலிருந்து வருகிறது. பல மிஷின்களின் கையேட்டிலும் அதே எண்கள்தான். ஃபாரன்ஹீட்டில் பிறந்த எண்கள் என்பதால் செல்சியஸில் கொஞ்சம் முரடாகத் தெரியும். மனதில் நிற்க வேண்டியவை இவை:

மூடி இறக்கும் ஹூட் மிஷின், மேசைக்கடியில் நிற்கும் சின்ன மிஷின் இரண்டும் பொதுவாகக் கழுவ ஒரு சூடு, அலச ஒரு சூடு என்று வேலை செய்பவை. கழுவும் தண்ணீர் 66 டிகிரிக்குக் குறையக் கூடாது. கடைசி அலசல் தண்ணீர் 82க்குக் குறையக் கூடாது. ரேக் நகராமல் நின்றபடியே, கழுவவும் அலசவும் ஒரே சூட்டில் ஓடும் மிஷின் என்றால் இரண்டுக்கும் 74. ரேக் தானே நகர்ந்து போகும் கன்வேயர் மிஷினில் தொட்டி ஒன்றே இருந்தால் கழுவல் 71, பல தொட்டிகள் இருந்தால் 66. கடைசி அலசல் இரண்டிலும் 82. மருந்து கலந்து கிருமி நீக்கும் மிஷினில் கழுவும் தண்ணீர் 49 இருந்தால் போதும், மிச்ச வேலையைக் குளோரின் போன்ற மருந்து பார்த்துக்கொள்ளும்.

மேல் வரம்பும் உண்டு. கடைசி அலசல் 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் தண்ணீர் துவாரத்தை விட்டு வெளியே வந்ததும் ஆவியாகிச் சிதறிவிடும், தட்டின் மேல் படராது. சூட்டைக் கூட்டினால் இன்னும் சுத்தம் என்று நினைத்து 95க்குத் திருப்பி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மருந்து மிஷினைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முடிவாக நிற்பது ஒரே எண்: தட்டின் மேற்பரப்பு 71 டிகிரியைத் தொட வேண்டும். துவாரத்திலிருந்து வரும் தண்ணீர் காற்றில் சூட்டை இழக்கிறது, கழுவின தட்டு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது, அலசல் நடப்பதோ சில விநாடிகள். அதனால்தான் தண்ணீருக்கு 82 கேட்கிறார்கள்.

முதல் வேலை: மிஷின் தகட்டைப் படியுங்கள்

மிஷினின் பக்கவாட்டிலோ கதவுக்கு உள்ளேயோ ஒரு உலோகத் தகடு இருக்கும். கழுவல் சூடு, அலசல் சூடு, தண்ணீர் அழுத்தம் எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, மிஷின் எதிரே சுவரில் ஒட்டுங்கள். ஃபாரன்ஹீட்டில் மட்டும் இருந்தால் பக்கத்திலேயே செல்சியஸையும் எழுதுங்கள்: 150 என்றால் 66, 160 என்றால் 71, 180 என்றால் 82. தட்டு எடுத்து அடுக்குகிற ஆளுக்கு அந்த எண் தெரிய வேண்டும். மேனேஜர் அறைக் கோப்பில் அது இருந்து யாருக்கும் பயனில்லை.

அளப்பது எப்படி

மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கழுவும் தொட்டியில் ஒன்று, கடைசி அலசலில் ஒன்று, தட்டின் மேல் ஒன்று. முதல் இரண்டையும் மிஷினே காட்டும். ஆனால் அலசல் சூட்டைக் காட்டும் உணரி (சென்சார்) பல மிஷின்களில் பாய்லருக்குள் உட்கார்ந்திருக்கும். பாய்லருக்கும் தட்டுக்கும் நடுவே குழாய், வால்வு, துவாரம், அழுத்தம் என்று எத்தனையோ இருக்கிறது. எனக்கு நடந்தது அந்த நடுவழியில்தான்.

தட்டின் சூட்டை அளக்க நான் சொன்ன ஸ்டிக்கர் நல்ல வழி. 71 டிகிரிக்குரியதா என்று பார்த்து வாங்குங்கள். தட்டு காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, இல்லையென்றால் நனைந்து கழன்றுவிடும். கறுத்த ஸ்டிக்கரை நோட்டில் அந்த நாளுக்கு நேரே ஒட்டிவிடுங்கள், அதுவே சாட்சி. இன்னொரு வழி, எட்டின உச்சச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தண்ணீர் புகாத வெப்பமானி. அதை ரேக்கில் தட்டுப்போல நிற்க வைத்து ஒரு சுற்று விட்டால் போதும்.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தோமே, அந்த மாதிரித் துப்பாக்கி வெப்பமானியின் சமையலறை வகை பல இடங்களில் இருக்கிறது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டுக்கு அதை நம்பாதீர்கள். மினுக்கும் உலோகம் தன் சூட்டைக் குறைவாகத்தான் வெளியே வீசும், சுற்றியிருப்பவற்றின் சூட்டைத் திருப்பி அடிக்கும். 72இல் இருக்கும் தட்டை அது பல டிகிரி குறைத்துக் காட்டக்கூடும்.

கையில் இருக்கும் வெப்பமானி சரிதானா என்பதையும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கின ஐஸ், இடுக்கை நிரப்பும் அளவு தண்ணீர், நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் விட்டு வெப்பமானியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே பரவாயில்லை. கொதிக்கும் தண்ணீரில் சோதிக்கும் பழக்கமும் உண்டு. நம் ஊரில் அதில் ஒரு சிக்கல். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 500 மீட்டரை ஒட்டி இருப்பதால் 98ஐக் கொஞ்சம் தாண்டிக் கொதிக்கும். ஓசூரில் 100 வரவில்லையே என்று நல்ல வெப்பமானியைத் தூக்கிப்போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஐஸ் சோதனைக்கு எந்த ஊரும் ஒன்றுதான், அதையே செய்யுங்கள்.

நம் தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மிஷின் வைத்திருப்பவர் தலையில் முதலில் ஏற வேண்டியது இதுதான். போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. குடத்தின் உள்பக்கம் வெள்ளையாய்ப் படிவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். அதே படிவு 80 டிகிரிக்கு மேல் காயும் பாய்லரில் பல மடங்கு வேகமாக ஏறும். ஹீட்டரின் சூடேறும் கம்பிச் சுருள் (காயில்) மேல் சுண்ணாம்பு ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குள் போகாது. காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒரு நாள் எரிந்துபோகும். உணரி மேல் படிந்தால் எண் தப்பாகும். துவாரத்தில் படிந்தால் எண் சரியாகவே இருக்கும், தட்டு மட்டும் சூடாகாது. கண்டுபிடிக்கக் கஷ்டமானது அந்தக் கடைசி வகைதான்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500இல் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குடிக்கப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை வைத்து மிஷினுக்கும் சரி என்று எண்ணிவிடாதீர்கள். 200 இருந்தாலே பாய்லருக்கு அதிகம். தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும், உப்பு போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் ஒன்றை மிஷினுக்கு முன்னால் கட்டாயம் வையுங்கள். வைத்தால் மட்டும் போதாது, உப்பு தீர்ந்துவிட்டால் அது வெறும் குழாய். காலையில் சாஃப்ட்னரைத் தாண்டி வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொஞ்சம் சோப்பு போட்டுக் குலுக்கினால் நுரை பொங்க வேண்டும். தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாய்த் திரண்டால் உப்பு போடும் நாள் வந்துவிட்டது.

புளோரைடு வேறு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. ஆவி போகப் போகச் செறிவு கூடத்தான் செய்யும். சாஃப்ட்னரும் அதை எடுக்காது. "மிஷின்ல அவ்வளவு சூட்டுல போகுதே, அந்தத் தண்ணியையே குடிக்கலாமா அண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். கூடாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோதான்.

படிவை எடுக்க மிஷின் கம்பெனி சொல்லும் அமிலக் கரைசலை, கையேட்டில் சொன்ன அளவில், மிஷின் காலியாய் இருக்கும்போது ஓட்டுங்கள். அலசல் கைகளை வாரம் ஒருமுறை கழற்றி, ஒவ்வொரு துவாரத்தையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: அமிலத்தோடு பிளீச்சிங் திரவத்தைக் கலக்காதீர்கள். ஒரே வாளி, ஒரே பிரஷ்கூட வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அழுத்தத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். கடைசி அலசல் அழுத்தம் மிஷின் தகட்டில் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். ஃபுட் கோட் கணக்கில் 5 முதல் 30 பிஎஸ்ஐ. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் தண்ணீருக்குப் பல இடங்களில் இந்த அழுத்தம் வராது, சின்ன பம்ப் வேண்டியிருக்கும்.

மணிக்கு எத்தனை ரேக் தாங்கும்

மிஷின் விளம்பரத்தில் மணிக்கு 60 ரேக் என்று இருக்கும். சூடு கூடி வருமா என்பதை ஹீட்டர்தான் தீர்மானிக்கும். கணக்கு எளிது. ஒரு ரேக்குக்குக் கடைசி அலசலில் 3 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரித் தண்ணீரை 82க்கு ஏற்ற, 3 லிட்டருக்கு 0.2 யூனிட் கரண்ட் வேண்டும். 6 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 6 யூனிட் இழுக்கும். ஆக, மணிக்கு 30 ரேக். அதற்கு மேல் தள்ளினால் தண்ணீர் சூடேறும் முன்பே அடுத்த ரேக் வந்துவிடும்.

மார்கழியில் ஓசூரில் தொட்டித் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்கினால் அதே ஹீட்டர் 27 ரேக்தான் தாங்கும். வோல்டேஜ் 230லிருந்து 200க்கு விழுந்தால் ஹீட்டரின் வலு கால் பங்கு குறையும். இரண்டும் ஒன்று சேர்ந்த குளிர்காலக் காலையில் 20 ரேக். மூன்று காயிலில் ஒன்று அணைந்துபோனாலோ மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும், வெளியே எதுவும் தெரியாது.

இதனால் ஸ்டிக்கர் சோதனையைக் காலை ஏழு மணிக்கு, மிஷின் ஓய்வாக இருக்கும்போது மட்டும் செய்து திருப்திப்படாதீர்கள். மதியம் ஒன்றரை மணிக்கு, எச்சில் தட்டு மலையாய்க் குவிந்து கைகள் பறக்கும்போது ஒன்று ஒட்டிப் பாருங்கள். உண்மை அப்போதுதான் தெரியும். அலசல் தண்ணீர் சூடாகும் வரை மிஷினே காத்திருக்கும் வசதி சில மிஷின்களில் உண்டு. மெக்கானிக்கைக் கேட்டு அதைப் போட்டு வையுங்கள். ரேக்குக்கு அரை நிமிடம் கூடும், கூடட்டும்.

ரேக்கில் வைக்கும் முன்

அழுக்குத் தட்டைக் கிருமி நீக்க எந்தச் சூட்டாலும் முடியாது. நம் பக்கத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு, ராகிக் களி. காய்ந்த களி சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். களித் தட்டையும் முட்டை, பால் பட்ட பாத்திரத்தையும் முதலில் சாதாரணத் தண்ணீரில் ஊற வைத்துத் துடைத்தெடுங்கள். எடுத்த எடுப்பிலேயே சுடுதண்ணீர் பட்டால் முட்டையும் பாலும் வெந்து இறுகிவிடும். அப்புறம் தட்டு தட்டோடு ஒட்டாமல் நிற்க வைத்து, டம்ளரைக் கவிழ்த்து அடுக்குங்கள்.

வெளியே வந்த தட்டைத் துணியால் துடைக்காதீர்கள். 71ஐத் தொட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகக் காய்ந்துவிடும். மெலமைன் கொஞ்சம் தாமதிக்கும். காயவில்லை என்று அடுக்குகிற அக்கா சொன்னால் எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள், ஸ்டிக்கரை எடுங்கள்.

நோட்டில் எழுதுவது

நேரம், கழுவல் சூடு, அலசல் சூடு, அழுத்தம், ஸ்டிக்கர், எழுதியவர் பெயர். ஒவ்வொரு ஷிஃப்டிலும் தொடக்கத்தில் ஒன்று, நெரிசலில் ஒன்று. குறைந்த எண் வந்தால் அதையே எழுதுங்கள்: "காலை 7.10, கழுவல் 64, அலசல் 79, நிறுத்தி வைத்தோம். 7.35, கழுவல் 67, அலசல் 83, தொடங்கினோம்." மாதம் முழுக்க ஒரே பேனாவில் 84, 84, 84 என்று இருக்கும் நோட்டை எந்தத் தணிக்கையாளரும் நம்புவதில்லை. நான் வைத்திருந்தது அப்படிப்பட்ட நோட்டுதான். குறையும் அதற்கு எடுத்த நடவடிக்கையும் எழுதியிருக்கும் நோட்டைப் பார்த்தால் அவர்கள் முகமே மாறும்.

சோதனைக்கு வரும்போது

உரிமம் சுவரில் தெரியும்படி இருக்கட்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆட்களின் மருத்துவச் சான்று, ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று (25 ஆட்களுக்கு ஒருவர் கணக்கில்), இந்த நோட்டு எல்லாம் ஒரே பையில். மிஷின் முன்னால் பேச வேண்டியவர் அதை ஓட்டுகிறவர். அவரே ஒரு ரேக்கை ஓட்டிக் காட்டட்டும். குறை கண்டால் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி திருத்த அறிவிப்பு வரலாம். சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் 56ஆம் பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மிஷின் பழுதாக இருந்தால் பழுது என்றே சொல்லி, இப்போது எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

மிஷின் நின்றுபோனால்

கரண்ட் போய் ஜெனரேட்டரும் ஹீட்டரை இழுக்கவில்லை என்றால் மூன்று தொட்டி முறைக்கு மாறுங்கள். முதல் தொட்டியில் 43 டிகிரிக்குக் குறையாத சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கிருமி நீக்கம். கேஸ் அடுப்பில் காய்ச்சிய 77 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி முக்கினால் போதும். கை வைக்க முடியாத சூடு, கம்பிக் கூடையில் வைத்து இறக்குங்கள். அவ்வளவு சுடுதண்ணீர் இல்லையென்றால் 38 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பான தண்ணீரில் குளோரின் 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்): 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 1 மில்லி. பழைய கேனில் வலு குறைந்திருக்கும், ஆகவே சோதனைத் தாளை நனைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை இறக்குங்கள். ஒரு நிமிடம் முழுகியிருக்கட்டும். எடுத்த தட்டைக் கவிழ்த்து, காற்றில் காய விடுங்கள்.

ராத்திரி மிஷினை நிறுத்தும்போது தண்ணீரை வடித்து, சல்லடையைக் கழுவி, மூடியைத் திறந்தே விட்டுப் போங்கள். காலையில் வருகிறவர் முதல் வேலையாக ஒரு தட்டில் ஸ்டிக்கரை ஒட்டட்டும்.